ஏழாயிரம்பண்ணையைத் தேடும் வழி

ஓர் ஊரைப் பழைய ஆவணங்களில் தேடிக் காண்பதற்கு அதன் பெயரை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரை யார் யார் எப்படியெல்லாம் பிழைபட எழுதினார்கள் என்பதையும், அவ்வூர் எந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில் கிடந்தது என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். இணைய ஆவணகங்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் பெரும்பாலும் தளங்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டியல் பயனுள்ளதுதான். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கரிசல் காட்டின் ஒரு மூலையிலிருந்து தேடத் தொடங்கும் மாணவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். எனக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரை வைத்து அதை எழுதிப் பார்க்கிறேன்.

ஊர் ஏழாயிரம்பண்ணை, நான் பிறந்த ஊர். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி மூன்றுக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி. இன்றைய கணக்கில் விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டம். மழையை நம்பிய பருத்தியும் கம்பும் மிளகாயும் ஒருபுறம். தீப்பெட்டியும் பட்டாசும் மறுபுறம். விடிவதற்குள் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஊருக்கு வந்துவிடும். என் வகுப்பில் அமர்ந்து தமிழிலக்கியம் படிக்கும் பெண்களில் பாதிப்பேர் அந்த வேன்களில் ஏறிச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்.

அவர்களில் ஒருத்தி, அவளும் எங்கள் ஊர்ப்பெண்தான், முதுகலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தன் ஊரையே பொருளாக எடுத்துக்கொண்டாள். “ஐயா, நம்ம ஊர்ப் பேருல ஏழாயிரம் ஏன் வந்துச்சு?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. தேடுபொறியில் ஊர்ப்பெயரை இட்டால் பேருந்து நேரம், அஞ்சல் குறியீட்டு எண், வெடிவிபத்துச் செய்திகள் ஆகியவைதான் வருகின்றன என்றாள். உண்மை. எங்கள் ஊரைப் பற்றி உலகம் கேள்விப்படுவது பெரும்பாலும் தீப்பற்றிய நாட்களில்தான்.

*

முதலில் அவளை அகராதிக்கு அனுப்பினேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி முழுமையாக இருக்கிறது. ஃபெப்ரீஷியஸ் அகராதியும், 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதியும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அதே இடத்தில் உள்ளன. பண்ணை என்ற சொல்லுக்கு வயல், நீர்நிலை, தொகுதி, ஒரு கீரை, மகளிர் விளையாட்டு என்று பல பொருள்கள் கிடைக்கின்றன. விளையாட்டு என்ற பொருளைத் தொல்காப்பிய உரியியலே குறிக்கிறது என்பதைச் சொன்னபோது அவளுக்கு வியப்பு. பண்ணையார் என்ற ஒற்றைச் சொல்லில் மட்டுமே அதுவரை பண்ணையைக் கேட்டிருந்தவள் அவள்.

ஆனால் அகராதி சொல்லின் பொருளைத்தான் தரும். ஓர் ஊருக்கு அப்பெயர் வந்த காரணத்தைத் தராது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் பதியவைப்பது எளிதன்று. பொருள் கிடைத்த மாத்திரத்தில் அதைக் கொண்டு ஒரு கதை கட்டிவிடுவது நம்முடைய பழைய வழக்கம். தலபுராணங்கள் முதல் இன்றைய பகிர்வுச் செய்திகள் வரை அந்த வழக்கம் தொடர்கிறது. காரணம் வேண்டுமென்றால் ஊரின் பெயர் எந்த ஆவணத்தில் எப்போது முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களில் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றோடு ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. ஆகவே ஆங்கிலேயர் எழுதிய பக்கங்களில் ஊர் நிச்சயம் உண்டு. ஆனால் நம்முடைய ழகரம் அவர்கள் நாவில் அகப்படவில்லை. ஒருவர் ‘எல்’ என்ற எழுத்தை இட்டு எழுதுவார், மற்றொருவர் ‘ஒய்’ என்பார், பிற்காலத்தார் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்ப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், கட்டபொம்ம நாயக்கர் என்ற பெயரையே ஒற்றைச் சொல்லாக நசுக்கி வைத்திருக்கிறார். எட்டயபுரத்தை அவருடைய எழுத்துக்கூட்டலில் பார்த்தால் எட்டயபுரத்துக்காரருக்கே அடையாளம் தெரியாது. தேடுபொறிக்கு ஒலி தெரியாது, எழுத்துதான் தெரியும். எனவே ஒரே ஊரைப் பத்துப் பன்னிரண்டு விதமாக எழுதிப் பார்த்துத் தேடும் பட்டியல் ஒன்றை அவளையே தயாரிக்கச் சொன்னேன்.

அடுத்தது ஜில்லா. சாத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அவ்வாண்டு இராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. 1985இல் இராமநாதபுரம் பிரிக்கப்பட்டபோது காமராசர் மாவட்டமாகி, பின்னர் விருதுநகர் மாவட்டம் என்றாயிற்று. விருதுநகர் என்று தேடுபவருக்கு நாற்பது ஆண்டு வரலாறுதான் கிடைக்கும். பேட் எழுதிய திருநெல்வேலி கெசட்டியர் 1917இல் வந்தது. அதற்கு முன்பே எங்கள் பகுதி கைமாறிவிட்டதால் அதில் எங்களைத் தேடிப் பயனில்லை. ஸ்டூவர்ட் 1879இல் வெளியிட்ட திருநெல்வேலி ஜில்லா மேனுவலையும், கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு நேரே 1972இன் இராமநாதபுரம் மாவட்ட கெசட்டியருக்கு வந்துவிட வேண்டும். பழைய நூல்களின் படிகள் இணைய ஆவணகம் என்று நாம் வழங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. வழி தெரியாதவருக்கு அது கடல். வழி தெரிந்தவருக்கு ஊருணி.

கால்டுவெல் என்றாலே ஒப்பிலக்கணம் என்று பாடம் படித்திருந்த அந்தப் பெண், அதே கால்டுவெல் தன் ஊர்ப்பாளையத்தைப் பற்றிப் பேசும் பக்கத்தைத் தன் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. ஒரு நூலகத்தின் படியேறாமல், ஒரு ரூபாய் பேருந்துக்குச் செலவழிக்காமல் அவள் அதைக் கண்டடைந்தாள் என்பதை அவளுடைய தலைமுறை பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அது பெரிது.

*

2003ஆம் ஆண்டில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக ஒரே ஒரு பழைய பதிப்பைப் பார்க்க வேண்டி நான் சாத்தூரிலிருந்து இரவுப் பயணமாகச் சென்னைக்குப் போனேன். போன இடத்தில் அறிமுகக் கடிதத்தில் முத்திரை சரியாக விழவில்லை என்று ஒரு நாள் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் உள்ளே விட்டார்கள், நகலெடுக்க அனுமதியில்லை. மாலை வரை பென்சிலால் எழுதியெடுத்தது நாற்பது பக்கம். அந்த நூலகத்தின் மீது இன்று எனக்கு வருத்தமில்லை. நூலைக் காப்பாற்றுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, அதை வாசகரிடமிருந்து காப்பாற்றுவது. ஆனால் அதே பயணத்தை என் மாணவிகள் ஒருவராலும் செய்திருக்க முடியாது. தங்க இடமில்லை, கூலி போகும், வீட்டில் விடமாட்டார்கள். எங்கள் பகுதியின் ஆய்வுகள் பல தொடங்காமலே முடிந்தது இப்படித்தான்.

ஆகவே மதுரைத் திட்டத்தை நான் நன்றியோடுதான் குறிப்பிட முடியும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது அது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, விலையின்றி வழங்கினார்கள். அப்போது ஒருங்குறி பரவலாகவில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திருக்குறள் முழுவதும் கட்டம் கட்டமாகத் தெரியும். சாத்தூரின் இணைய மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டு, பாதி நேரத்தை எழுத்துருவைத் தேடுவதில் செலவழித்த தலைமுறை என்னுடையது. இன்றைய மாணவருக்கு இதைச் சொன்னால் பஞ்சகாலக் கதையைக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள்.

மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளில் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முகப்பிலேயே இருக்கும். மூலநூலின் பதிப்பு விவரத்தையும் பல நூல்களில் தந்திருப்பார்கள். மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இதைத்தான்: எந்த மின்னூலாயினும் அது எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள். உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது பாடபேதங்களைக் குறித்துவைத்ததன் பயன், பதிப்பு விவரமே இல்லாத ஒரு பக்கத்திலிருந்து வெட்டியொட்டும்போது ஒரு நொடியில் அழிந்துவிடுகிறது. உரையாகத் தட்டச்சு செய்யப்பட்ட நூல் தேடுவதற்கு. படமாக வருடப்பட்ட நூல் ஒப்பிடுவதற்கு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்போது வருடப்பட்ட பழம்பதிப்புகள் ஏராளமாகக் கிடைப்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சிரமமில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்ததன் பயனாக, சோத்கங்கா தளத்தில் நம்முடைய பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளையும் காணலாம். நல்ல ஆய்வும் கிடைக்கும். எப்படி எழுதக்கூடாது என்பதற்கான சான்றும் அங்கேயே கிடைக்கும்.

*

இவ்வளவும் கிடைத்தபின் அந்தப் பெண் கேட்ட இரண்டாவது கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. “இதுல எல்லாம் பாளையக்காரர் இருக்காரு, கலெக்டர் இருக்காரு, பாதிரியார் இருக்காரு. எங்க ஆளுக எங்கய்யா?”

ஆவணகம் என்பது யார் எழுதினார்களோ அவர்களுடைய நினைவு. வரி வாங்கியவர், படை நடத்தியவர், சமயம் பரப்பியவர் எழுதியவை காக்கப்பட்டன. அவற்றிலிருந்து எளிய மக்களைப் பிழிந்தெடுக்க முடியாது என்றில்லை. பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலில் 1895இன் கழுகுமலைக் கலவரத்தையும் 1899இன் சிவகாசிக் கொள்ளையையும் எழுதியதற்குப் பின்னால் நீண்ட ஆவணத் தேடல் இருக்கிறது. ஆனால் அது ஒரு படைப்பாளியின் பல்லாண்டு உழைப்பு. முதுகலை மாணவி ஒருத்தி ஆறு மாதத்தில் செய்யக்கூடியதன்று.

அப்படியானால் எங்கள் ஆட்கள் எதையுமே எழுதவில்லையா? எழுதினார்கள். எங்கள் பகுதியைப் போலத் தாளோடு புழங்கிய பகுதி தமிழகத்தில் குறைவு. 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. அதன் லேபிளுக்காக அச்சுத்தொழில் வளர்ந்தது. நாட்டுக்கே நாட்காட்டி அச்சிட்டுக் கொடுத்தது சிவகாசி. எங்கள் வீடுகளில் கல்யாண வாழ்த்துமடல்கள், கொடை நோட்டீசுகள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், கணக்கு நோட்டுகள் எல்லாம் பரணில் கிடந்தன. பிறகு பழைய பேப்பர்காரர் வந்தார். எடைக்குப் போட்ட தாள் எங்கே போனது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் வெடித்தாள் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பாதி வாக்கியங்கள் தெரியும். யாரோ ஒரு பிள்ளையின் கையெழுத்து, ஏதோ ஒரு பாடப்புத்தகத்தின் வரி, செய்தித்தாளின் ஒரு மூலை. சிறுவயதில் அவற்றைக் கூட்டிவைத்துப் படித்திருக்கிறேன். படித்ததை வெடியாக உருட்டி வெடித்துவிடும் ஊரில் ஆவணகம் எப்படி உருவாகும்?

உருவாக்க வேண்டும் என்று நினைத்தவர்களால் உருவாகியிருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே வைத்ததால் 1994இல் ஒரு நூலகம் பிறந்தது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் ஆபத்தை ஈழத்தவர் அன்று கண்ணெதிரே கண்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் அவர்கள் இலக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பாடசாலை மலர், கோயில் மலர், இறந்தவர்களுக்காகக் குடும்பத்தார் அச்சிடும் நினைவுமலர் வரை ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஒரு சிற்றூரின் குடும்ப வரலாறு அந்த நினைவுமலர்களில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், 1870 முதல் 1940 வரையிலான தமிழகக் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது. சிவகாசி நாட்காட்டிகளைப் போன்ற வெகுசன அச்சுப்படங்களுக்கென்றே 2006 முதல் தஸ்வீர் கர் என்ற மின்தொகுப்பு இருக்கிறது. நாங்கள் எடைக்குப் போட்டதைத்தான் இவர்களெல்லாம் ஆவணம் என்கிறார்கள்.

*

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய தாத்தா ஒயிலாட்ட வாத்தியாராக இருந்து மறைந்தவர். அவர் பாட்டுகளை எழுதிவைத்திருந்த நோட்டு ஒன்றைப் பாட்டி தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அட்டையில்லாத எண்பது பக்க நோட்டு. இராமாயணப் பாட்டுகள், தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய ஒரு கும்மி, அதன்பின் சிந்து மெட்டில் ஒரு நீண்ட பாட்டு. படிக்கப் படிக்க அது ஒரு மருந்துக் கொட்டகை தீப்பற்றிய கதை என்று தெரிந்தது. பாட்டின் பின்பாதியில் இறந்தவர்களின் பெயர்கள் வருகின்றன. இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி, இன்ன ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணி ஒதுக்கியிருக்கிறார் வாத்தியார்.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவற்றை இணையத்தில் ஒரு நொடியில் எடுத்துவிடலாம். எண்கள் கிடைக்கும். தலைப்பில் எண்ணாகத்தான் எங்கள் மக்கள் அச்சேறுகிறார்கள். பத்திரிகையில் நிலைக்காத பெயர்களை ஓர் ஒயிலாட்ட வாத்தியார் எதுகை மோனையோடு கட்டி நிறுத்தியிருப்பதைக் கண்டபோது, வகுப்பில் சிற்றிலக்கிய வகைகளைப் பட்டியலிடும்போது சிந்துக்கு நான் ஒதுக்கும் நேரம் எவ்வளவு சொற்பம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதைப் படமெடுத்துப் பொதுவில் வைக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பெயர்கள் இருக்கின்றன, அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் ஊரில் இருக்கலாம். தயக்கத்தைச் சொன்னேன். பாட்டி என்னைப் பார்த்து, “செத்தவுக பேராச்சும் எங்கனயாவது கெடக்கட்டும் வாத்தியாரய்யா” என்றார். ஆனாலும் அந்தப் பெண் தானாகவே நான்கைந்து குடும்பங்களைத் தேடிப்போய்ப் பாட்டைப் படித்துக்காட்டிக் கேட்டுவந்தாள். ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும் பெயரைத் திருத்தச் சொன்னார்களாம். வாத்தியார் மோனைக்காக மாற்றியிருந்த பெயர் அது. நோட்டில் உள்ளதை அப்படியே விட்டு, சரியான பெயரைக் குறிப்பில் சேர்த்தாள். பதிப்பு நெறி என்று நான் இரண்டு பருவங்களாக நடத்திய பாடத்தை அவள் அந்தத் திண்ணையிலேயே முடித்துவிட்டாள்.

நோட்டை வெயில் வெளிச்சத்தில், தரையில் வெள்ளைத் துணி விரித்து, கைப்பேசியாலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்தோம். இணைய ஆவணகத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி ஏற்றலாம். ஆனால் ஏற்றுவது மட்டும் போதாது என்பதை இதற்குள் எல்லோரும் அறிவோம். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது எத்தனையோ தமிழ்ப்பக்கங்கள் அதனோடு போயின. இந்திய மின்னூலகம் என்ற அரசுத் திட்டத்தின் தளம் முடங்கியபோது, அதன் பெரும்பகுதி வேறிடத்தில் படியெடுக்கப்பட்டிருந்ததால் நமக்குத் தப்பிற்று. பிரிட்டிஷ் நூலகமே 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் மின்தொகுப்புகள் நெடுநாள் திறக்கப்படாமல் கிடந்தன. அடுத்த ஆண்டே இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டது. எனவே ஒரு படி அங்கே, ஒன்று துறையின் கணினியில், ஒன்று அவளுடைய நினைவகக் குச்சியில், அச்செடுத்த படி ஒன்று பாட்டியின் பெட்டியில் என்று வைத்திருக்கிறோம். ஏட்டுச்சுவடிகளைத் தலைமுறைக்கொரு முறை புதிதாக எழுதிவைத்த முன்னோரின் உத்திதான் இது. புதிதாக ஒன்றும் இல்லை.

ஏற்றும்போது விவரக்குறிப்பை அவளே எழுதினாள். நோட்டின் அளவு, மையின் நிறம், காணாமற்போன பக்கங்கள், பாடல்களின் மெட்டு எல்லாம் இருந்தன. ஊர்ப்பெயர் இட வேண்டிய கட்டத்தில் தமிழில் ஒருமுறை எழுதிவிட்டு, தான் தேடுவதற்காகத் தயாரித்திருந்த அத்தனை ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் வரிசையாக இட்டாள். மாவட்டம் என்ற கட்டத்தில் திருநெல்வேலி, இராமநாதபுரம், காமராசர், விருதுநகர் என்று நான்கையும் எழுதினாள். நோட்டு திருநெல்வேலி ஜில்லாக் காலத்தது அன்றே என்றேன். “தேடுறவுக எந்தப் பேர்ல தேடுவாகன்னு நமக்குத் தெரியாதுல்லய்யா” என்றாள்.

ஊர்ப்பெயரில் ஏழாயிரம் வந்த காரணத்தை அவள் ஆய்வேடு முடித்துவைக்கவில்லை. ஊரில் சொல்லப்படும் கதைகளைச் சொன்னவர் வயதோடும் சொன்ன நாளோடும் பின்னிணைப்பாகத் தந்திருக்கிறாள். அது போதும். மேலத்தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் நோட்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில் பகலில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பொங்கல் கழித்துத்தான் போக வேண்டும்.